கருவாடு பொரித்த இரண்டு ஊர்கள்

செங்கல்பட்டில் ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு வருஷா வருஷம் வட அமெரிக்கப் படம் போடச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஐந்து பெரிய ஏரிகளையும் நீலப் பென்சிலால் தீட்டச் சொல்வேன். கோட்டுக்கு வெளியே நீலம் போனால் மதிப்பெண் குறையும். அந்த ஏரிகளில் ஒன்றான ஈரி ஏரி, ஏப்ரல் மாதத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகக் கிடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பஃபலோ நகரத்தில் இறங்கி அதைப் பார்த்தபோது முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் ஊர்க் கொளவாய் ஏரி வற்றினாலும் ஏரி மாதிரிதான் வற்றும். இது ஏரியா, உப்பளமா?

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு முழுப் பரீட்சை விடுமுறையில், வீட்டு வழக்கு ஒன்றைத் தீர்த்துவைக்கப் போனேன். என் தங்கை வசந்தா பஃபலோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவர் செல்வராஜுக்கு டூசான் என்ற ஊரில் தாமிரச் சுரங்கத்தில் பம்பு மெக்கானிக் வேலை. ஒன்று பனி, இன்னொன்று பாலைவனம். நடுவில் ஒரு தேசமே கிடக்கிறது. வசந்தா அப்போது நாலு மாசம். முந்தின வருஷம் ஒன்று கலைந்து போயிருந்தது. அன்றைக்கு அவள் தனியாக இருந்திருக்கிறாள். விடியும் வரை குளியலறைத் தரையில் கிடந்துவிட்டு, தானே டாக்சிக்கு போன் செய்து, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

இந்த முறை அவள் வேலையை விட்டுவிட்டு டூசானுக்குப் போவதா, அவர் வேலையை விட்டுவிட்டு பஃபலோவுக்கு வருவதா? இரண்டு பேரும் போனில் மாதக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அக்கா வந்து இரண்டு ஊரையும் பார்க்கட்டும், அக்கா சொல்வதைக் கேட்கலாம். வகுப்பில் பென்சில் திருட்டை விசாரித்த அனுபவம் எனக்கு உண்டு. இது வேறு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் நான் திரும்பியாக வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்று என்றால் யார் வந்து பார்ப்பார்கள்? எந்த ஊரில் வந்து பார்ப்பார்கள்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே குப்பத்தில் கருவாடு வியாபாரம் செய்யும் எங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. “இன்னாடி, அவ ஒண்ணும் துன்னமாட்டேன்றாளாமே? நாக்கு செத்துப் போச்சு அவளுக்கு. இத எடுத்துகினு போய் பொரிச்சிக் குடு” என்று ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய நெத்திலியும் சுறாவும் அடைத்துக் கொடுத்தாள். அமெரிக்காவில் இறங்கியதும் சுங்க அதிகாரி அந்த டப்பாவைத் திறந்தார். உடனே மூடினார். மற்றப் பெட்டிகளைத் தொடவே இல்லை. “நல்வரவு அம்மா, போகலாம்” என்று கையால் வழி காட்டினார்.

பஃபலோவில் வசந்தா குடியிருந்தது ஒரு மரவீட்டின் மாடி. கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர், ஹெலன் என்ற அம்மாள். போலந்துக்காரக் குடும்பம், கணவர் இல்லை, ரொட்டிக் கடை ஒன்றில் வேலை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் “குளிராக இருக்கிறது” என்பார். மறுநாள் எதிர்ப்பட்டால் “இன்னும் குளிராக இருக்கிறது” என்பார். இரண்டு வருஷத்தில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்றாள் வசந்தா. எனக்கு அந்த அம்மாள்மேல் ஏற்கெனவே மனத்தாங்கல். தலைக்கு மேலே ஒரு பெண் விடியும் வரை அழுதுகொண்டு கிடந்தபோது இவருக்குக் காது எங்கே போயிற்று?

ஊரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றே வெளியே கிளம்பினேன். ஊர் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகக் கண்டக்டர் வரட்டும் என்று சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பஸ் நகரவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். “அம்மா, இங்கே கண்டக்டர் கிடையாது. டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும்” என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர். எழுந்தால் தரையெல்லாம் பனித்தண்ணீர், புடவை காலைத் தடுக்குகிறது. அவரே என் கையிலிருந்து சில்லறையை வாங்கி, முன்னால் போய்ப் போட்டுவிட்டு வந்தார். நான் இறங்கிய இடத்தில் அவரும் இறங்கி, வழுக்கும் நடைபாதையில் தெருமுனை வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் நின்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையானால் அந்த ஊரே மீன் பொரித்துத் தின்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் சட்டியைக் கையால் தொடமாட்டோம். அங்கே சர்ச் கூடத்திலும் ஓட்டலிலும் வரிசையில் நின்று, மாவில் தோய்த்துப் பொரித்த மீனை உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். முள் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. மீன் என்று யாராவது சொன்னால்தான் மீன்.

மறுநாள் சனிக்கிழமை மாலை. டாக்டர் ஓய்வு சொல்லியிருந்ததால் வசந்தா படுத்தே கிடந்தாள். ரொட்டியைப் பார்த்தாலே ஓங்கரித்தாள்.

“அக்கா, அந்த நெத்திலி கீதே, ரெண்டே ரெண்டு பொரிச்சிக் குடேன்.”

“கீழ் வூட்டுக்காரம்மா இன்னா சொல்லுவாங்களோன்னு நீதான டப்பாவைத் தொறக்கவே உடல?”

“சொன்னா சொல்லட்டும். எனக்கு வோணும்.”

ரெண்டே ரெண்டு நெத்திலி பொரிக்கிறவள் எங்கள் குப்பத்தில் பிறந்திருக்க மாட்டாள். ஒரு கை அள்ளிப் போட்டேன். கூடவே இரண்டு துண்டு சுறா. அந்த ஊரில் குளிருக்காக ஜன்னலுக்கு மேல் ஜன்னல் வைத்து, இடுக்கையும் அடைத்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் புகை கிளம்பிய பிறகுதான் புத்தியில் ஏறியது. நம் வழக்கப்படி கதவைத் திறந்துவிட்டேன். திறந்த கதவு தெருவுக்குப் போகவில்லை. மாடிப்படி வழியாக நேரே ஹெலனின் சமையலறைக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் சைரன் அலறியது. பாவம், யார் வீட்டில் என்ன கஷ்டமோ என்று ஜன்னல் வழியே பார்த்தேன். சிவப்பு வண்டி எங்கள் வாசலில் நின்றது.

கனத்த கோட்டும் தொப்பியுமாக நாலு பேர் கோடரியோடு மேலே வந்தார்கள். எங்கேயோ காஸ் கசிகிறது, இல்லையென்றால் சுவருக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று ஹெலன் போன் செய்திருக்கிறார். தலைவர் மாதிரி இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“அம்மா, அது எங்கிருந்து வருகிறது?”

கரண்டியால் அடுப்பைக் காட்டினேன். “மீன்.”

“செத்துவிட்டதா?”

“ஜனவரியிலேயே செத்துவிட்டது” என்று உள்ளதைச் சொன்னேன்.

ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், இந்த அமர்க்களத்துக்கு நடுவில் வசந்தா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சூடான சோற்றில் நெத்திலியைப் பிசைந்து, தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் வயிற்றில் தங்கிய சாப்பாடு அது. கோடரிக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஹெலனும் பார்த்தார். “நாளைக்குப் பேசுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

“வூட்ட காலி பண்ணச் சொல்லப் போறாங்க” என்றாள் வசந்தா. “சொல்லட்டும். ஒன் புருசன் ஊரு எதுக்கு கீது?” என்றேன் நான். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக மேலே வந்தார் ஹெலன். கையில் ஒரு கண்ணாடி ஜாடி. காடியில் ஊறப்போட்ட மீன், வெங்காயத்தோடு. அடுப்பையே பார்க்காத மீன்! மீனவன் வீட்டில் பிறந்த நான் பச்சை மீனைத் தின்கிறவர்களை அன்றுதான் பார்த்தேன். என் கருவாட்டுக்குத் தீயணைப்பு வண்டி வருமென்றால் இதற்குப் போலீசே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வசந்தா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பும் மீனும் ஒன்றாகக் கிடைத்தால் பிள்ளைத்தாய்ச்சி விடுவாளா? விரலாலேயே எடுத்து எடுத்துத் தின்றாள்.

ஹெலன் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“போன வருஷம் அன்றைக்கு உன் அழுகை எனக்குக் கேட்டது. தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்டது. பாதிப் படி ஏறி வந்தேன். கூப்பிடாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்று இறங்கிப் போய்விட்டேன். இங்கே நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.”

வசந்தாவின் கை ஜாடிக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை, இங்கிலீஷ் இலக்கணம் எதையும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். “எங்கள் ஊராக இருந்தால் கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.”

“அதனால்தான் நேற்று கோடரியோடு ஆள் அனுப்பினேன்” என்றார் ஹெலன்.

முதலில் சிரித்தது வசந்தா. பிறகு அழுததும் அவள்தான். ஹெலன் எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் கருவாட்டு டப்பாவை மூடி வைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலையே ஹெலன் ஓர் ஏற்பாடு செய்தார். வீட்டைச் சூடாக்கும் இரும்புக் குழாய் கீழ்ச் சமையலறையிலிருந்து எங்கள் சமையலறை வழியாகப் போகிறது. காலையும் இரவும் ஹெலன் கரண்டியால் குழாயைத் தட்டுவார். மேலேயிருந்து பதிலுக்குத் தட்ட வேண்டும். “பதில் வரவில்லை என்றால் நான் மேலே வருவேன், அக்கா” என்று என்னிடம் சொன்னார். வசந்தா கூப்பிடுவதைக் கேட்டு என் பெயரே அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். நான் திருத்தவில்லை.

ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? வசந்தாவை ஹெலனிடம் ஒப்படைத்துவிட்டு டூசானுக்குப் போனேன்.

இறங்கிய நிமிஷமே முதுகில் வெயில் ஓங்கி ஒன்று வைத்தது. ஆகா, இதுவல்லவோ ஊர் என்றிருந்தது எனக்கு. பனியில் சுருங்கிக் கிடந்த உடம்பு அப்படியே விரிந்தது. ஊருக்கு நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது என்று செல்வராஜ் காரை நிறுத்திக் காட்டினார். ஓடவில்லை. தண்ணீரே இல்லை, வெறும் மணல். பாலாற்றை அமெரிக்காவில் கொண்டுவந்து போட்ட மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆளைவிட உயரமான கள்ளிகள் பொட்டல் எங்கும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. கடையில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் குவிந்து கிடந்தன. சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரியான ரொட்டி ஒன்றை அங்கே சுடச்சுட விற்கிறார்கள். மெக்சிகோக்காரக் கடைக்காரப் பெண் நான் மிளகாயைக் கடித்துப் பார்ப்பதைக் கண்டு, “காரமா வேணுமா? இந்தா, இது நம்ம மாதிரி ஆளுக்கு” என்று ஒரு பிடி சின்ன மிளகாயைச் சும்மாவே பையில் போட்டாள். துவைத்த புடவை நான் திரும்பி வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. கருவாடு காயப்போட இதைவிடத் தோதான ஊர் பூமியில் கிடையாது. கடல்தான் இல்லை.

மனசுக்குள் தீர்ப்பை எழுதிவிட்டேன். டூசான்தான்.

மறுநாள் செல்வராஜ் சுரங்கத்துக்குக் கிளம்பினார். போனால் இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்கிவிடுகிற வேலை. குடையை விரித்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். நேரான தெரு, அகலமான தெரு, நடக்கிற ஜீவன் நான் ஒருத்திதான். கார்கள் என்னைத் தாண்டும்போது வேகம் குறைந்தன. பிறகு போலீஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

“அம்மா, உங்கள் கார் வழியில் நின்றுவிட்டதா?”

“எனக்குக் கார் இல்லை.”

“பிறகு எப்படிப் போகிறீர்கள்?”

“நடந்து.”

அவருக்கு அது விளங்கவில்லை. வெயிலில் மூளை கலங்கியவள் என்று நினைத்தாரோ என்னவோ, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, காரில் ஏற்றி, கடைக்கும் கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். தங்கமான மனுஷன். செங்கல்பட்டில் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினால் தெருவே திரண்டு வாசலில் நிற்கும். என்ன ஏது என்று கேட்டு உயிரை எடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை.

அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. வீட்டுக்கு வீடு நல்ல இடைவெளி. ஒவ்வொரு கூரைமேலும் குளிர்காற்று மெஷின் ஒன்று கடகடவென்று ஓடுகிறது. காலையில் காருக்குள் ஏறுகிறார்கள், மாலையில் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகிறார்கள். பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பு, கையசைப்பு. குறை சொல்ல முடியாத மனிதர்கள். ஆனால் அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி கத்தினால் யாருக்குக் கேட்கும்?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். டப்பாவில் மிச்சமிருந்த சுறா அத்தனையும் வாணலியில் போட்டேன். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். முன்கதவையும் பின்கதவையும் திறந்தேன். மகாபலிபுரம் கடற்கரையே வந்து இறங்கிய மாதிரி வாசனை தூக்கியது. வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுகூட இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து இறங்கினார். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. கையசைத்தார், உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவு சுறாவையும் நான் ஒருத்தியே உட்கார்ந்து தின்றேன். வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது.

சுரங்கத்திலிருந்து செல்வராஜ் திரும்பியதும் கேட்டேன். “தம்பி, பக்கத்து வூட்டுக்காரர் பேரு இன்னா?”

யோசித்தார். “தெரிலக்கா. நல்ல மனுசன். டெய்லி கை காட்டுவாரு.”

“வந்து எவ்ளோ நாளாச்சு நீங்க?”

“ஒரு வருசத்துக்கு மேல ஆவுது” என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “அதுக்கு இன்னாக்கா பண்றது? இங்க சம்பளம் கீது, வெயிலு கீது. அந்தப் பனியில அவ ஒண்டியா இன்னா பண்ணுவா?”

நான் தட்டில் சோற்றைப் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் வசந்தாவுக்கு போன் போட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பழைய சண்டையைத்தான் போட்டார்கள். நடுவில் அவள், “இருங்க, ஹெலன் தட்றாங்க” என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்திருக்கிறாள். செல்வராஜ் ரிசீவரை என் காதுக்கும் அவர் காதுக்கும் நடுவில் பிடித்தார். தூரத்தில் டங், டங் என்று இரும்புச் சத்தம். பிறகு கிட்டத்தில் அவள் தட்டும் சத்தம். அதற்குப் பதிலாக இன்னொரு தட்டு.

“இன்னா சத்தம்க்கா அது?”

சொன்னேன். தீயணைப்பு வண்டியையும் சொன்னேன், காடியில் ஊறிய மீனையும் சொன்னேன், பாதிப் படியையும் சொன்னேன். வசந்தா திரும்பி வந்து “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ரிசீவரைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அந்த மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இங்க அவ தட்டுனா யாரு திருப்பித் தட்டுவாங்கக்கா?” என்று என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனில் அவளிடம் சொன்னார். “வசந்தா, நீ எங்கயும் வராத. நான் அங்க வந்துடறேன்.”

தீர்ப்புச் சொல்ல டிக்கெட் எடுத்து வரவழைக்கப்பட்ட நான் வாயையே திறக்க வேண்டியிருக்கவில்லை. டூசான்மேல் எனக்கு இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. அந்த வெயிலும் மணல் ஆறும் மிளகாய் கொடுத்த பெண்ணும் போலீஸ்காரரும் என் மனதில் நன்றியோடு இருக்கிறார்கள். அது சுகமாக வாழ்கிறவர்களுக்கான ஊர். என் தங்கைக்கு, மூக்கும் காதும் உள்ள ஒருவர் பக்கத்தில் தேவைப்பட்டார்.

ஜூனில் செங்கல்பட்டு திரும்பினேன். செல்வராஜ் பஃபலோவில் ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். முன்பைவிடக் குறைந்த சம்பளம், இரவு ஷிஃப்ட் வேறு. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை என்று வசந்தா எழுதினாள்.

புரட்டாசியில் ஒருநாள் ஏழாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது, அமெரிக்காவிலிருந்து டிரங்க் கால் என்று தலைமையாசிரியை அறைக்கு ஓடிவரச் சொன்னார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ரிசீவரை எடுத்து, “தம்பி, சொல்லுங்க” என்று கத்தினேன்.

“அக்கா?” என்றது ஹெலனின் குரல். செல்வராஜ் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கியிருக்கிறார். கடல் இரைச்சல் மாதிரி ஓர் இரைச்சலுக்கு நடுவில் விட்டுவிட்டுக் கேட்டது. “பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். செல்வா மில்லில் இருந்தான். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன்.”

வசந்தா எப்படிக் கூப்பிட்டாள், குரல் கேட்டதா என்று கத்திக் கத்திக் கேட்டேன். அது அந்தப் பக்கம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவள் எங்கே கூப்பிட்டாள்?” என்றார் ஹெலன். “அவள் நடக்கிற சத்தம் சரியாக இல்லை. நானே மேலே போய்விட்டேன்.”